காயமும் கேள்வியும்

1

என்னுடைய முதுகலை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு அட்டவணை இருக்கிறது. வெள்ளெலிகள் நான்கு பிரிவு, பிரிவுக்கு ஆறு. 4, 8, 12, 16 ஆகிய நாட்களில் காயத்தின் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். மூன்றாம் பிரிவின் ஐந்தாம் எலிக்கு நேரே நான்கு கட்டங்களிலும் எண்கள் இருக்கின்றன. அந்த எலி ஒன்பதாம் நாள் காலையில் கூண்டுக்குள் செத்துக் கிடந்தது. கடைசி இரண்டு எண்களையும் நானாக எழுதினேன்.

இது நடந்தது 1994-ல். ஆய்வேடு கறுப்பு ரெக்ஸின் அட்டையோடு ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதை எடுத்துப் படித்து யாரும் யாருக்கும் மருந்து கொடுத்திருக்கப் போவதில்லை. ஆகவே இந்தப் பொய்யால் நஷ்டமடைந்தவர் ஒருவருமில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பாதிக்கப்பட்டவர் இல்லாத பொய்யைப் பொய் என்று சொல்லலாமா என்பது தர்க்கம் பேசுகிறவர்களுக்குச் சுவாரஸ்யமான விஷயம். ஆனால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருந்தார். அவரை 'ஒருவர்' என்ற சொல்லுக்குள் கொண்டுவரலாமா என்பதில்தான் எனக்குத் தடை இருந்தது.

செய்முறையில் மர்மம் ஒன்றுமில்லை. எலியை ஈதர் நனைத்த பஞ்சோடு கண்ணாடி ஜாடிக்குள் விட்டு மயக்குவோம். முதுகில் மயிரை மழித்து, முத்திரைபோல் வட்டம் வரைந்து, அந்த வட்டத்துக்குள் இருக்கும் தோலை முழு ஆழத்துக்கும் வெட்டி எடுத்துவிடுவோம். பரப்பு 500 சதுர மில்லிமீட்டர். அன்றைய ஒரு ரூபாய்க் காசின் அளவு. பிறகு உமி பரப்பிய கூண்டில், கூண்டுக்கு ஒன்றாக விடுவோம். எது எந்த எலி என்று தெரிவதற்குப் பிக்ரிக் அமிலத்தால் தலையிலோ வாலிலோ மஞ்சள் அடையாளம் வைப்போம். முதல் பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. இரண்டாவதற்குப் போவிடோன் அயோடின், நூற்றுக்கு ஐந்து. மூன்றுக்கும் நான்குக்கும் வெட்டுக்காயப் பூண்டின் சாறு சேர்த்த களிம்பு, இரண்டு அளவுகளில். குறித்த நாட்களில் காயத்தின்மேல் கண்ணாடிக் காகிதத்தை வைத்து விளிம்பை வரைந்து, அதைக் கிராஃப் தாளில் வைத்துக் கட்டங்களை எண்ணுவோம். பொருக்கு தானாக உதிர்ந்து கீழே பச்சைப்புண் இல்லாமலிருக்கும் நாளே காயம் ஆறிய நாள்.

வெறும் களிம்பு பூசிய எலிகளுக்கும் ஆறியது. சில நாள் பிந்தி ஆறியது, அவ்வளவுதான். மருந்து என்று நாம் சொல்வது எலியின் உடம்பு தானாகச் செய்துகொள்கிற ஒரு காரியத்தைக் கொஞ்சம் முடுக்கிவிடுகிறது; அல்லது, பின்னால் சொல்லப்போகிறபடி, தடுக்கிறது. எல்லாம் ஆறி முடிந்தபின் அந்தப் புதுத்தோலை வெட்டி நுண்ணோக்கிக்கு அனுப்புவோம். அதாவது ஆறியவுடன் கொன்றுவிடுவோம்.

தமிழில் புண் 'ஆறுகிறது' என்கிறோம். கோபம் ஆறுகிறது, பசி ஆறுகிறது, மனம் ஆறுகிறது. ஆறுதல் என்ற சொல்லே அதிலிருந்துதான். எங்கே இந்தச் சொல் வந்தாலும் ஆறியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். எங்கள் கிராஃப் தாள்களில் ஆறுதல் மட்டும் இருந்தது. ஆறியவர் இல்லை.

2

வலியைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. மயக்கம் தெளிந்தபின் நாங்கள் வலிநிவாரணி எதுவும் கொடுக்கவில்லை. வீக்கத்தை அடக்கும் மாத்திரைகள் காயம் ஆறுவதன் முதல் கட்டத்திலேயே தலையிடும், எண்கள் கலங்கிவிடும். எங்களைப் போன்ற பலரும் இதே காரணத்தைச் சொல்லித்தான் கொடுக்காமல் விட்டார்கள். எலிகளும் அமைதியாகத்தான் இருந்தன. வெள்ளெலி சாதுவான பிராணி, அதற்கு அவ்வளவு தெரியாது என்று நாங்கள் பேசிக்கொண்டது ஞாபகமிருக்கிறது.

எலி துன்பத்திலும் பயத்திலும் குரலெழுப்புகிறது, அந்தக் குரல் ஏறக்குறைய 22 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது என்பதைப் பிற்பாடு படித்தேன். மனிதக் காது சுமார் 20-க்கு மேல் கேட்பதில்லை. 2011-ல் எலியின் முகத்தைக் கொண்டே வலியை அளக்க ஓர் அளவுகோல் வந்தது. கண்ணைச் சுருக்குவது, மூக்கும் கன்னமும் தட்டையாவது, காது மடிவது. அந்த முகங்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அது முகம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

க்ளாட் பெர்னார் 1865-ல் வெளியிட்ட பரிசோதனை மருத்துவம் பற்றிய நூலில், தன் எண்ணத்தில் மூழ்கிய உடலியல்வாதிக்கு மிருகத்தின் கதறல் கேட்பதில்லை, வழியும் ரத்தம் தெரிவதில்லை என்று எழுதுகிறார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. அவர் மனைவி அவரைப் பிரிந்து போய் மிருகவதை எதிர்ப்பில் சேர்ந்துகொண்டார். பெர்னார் காதில் விழுந்த கதறலைக் கேட்காமலிருக்கப் பழக வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை.

தத்துவவாதிகள் இதற்குக் கொடுத்திருக்கும் விடைகளில் மூன்றை நான் மாறிமாறிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மிருகத்தைத் துன்புறுத்துகிறவன் மனிதர்களிடமும் கல்நெஞ்சனாகிவிடுவான், அதனால்தான் அது தவறு என்றார் கான்ட். எனக்கு இது போதவில்லை. அந்த எலிகளை வெட்டிய நாட்களில் நான் வீட்டாரிடம் வழக்கத்தைவிட மென்மையாகவே நடந்துகொண்டேன். பீட்டர் சிங்கர் 1975-ல் வந்த நூலில் தராசை எடுத்துவைக்கிறார்: துன்பம் எவருடையதானாலும் துன்பமே, இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று நிறுத்துப் பார் என்கிறார். டாம் ரீகன் 1983-ல் தராசையே மறுத்தார்: தன் வாழ்வை அனுபவிக்கும் ஒரு ஜீவனை இன்னொருவருடைய நன்மைக்குக் கருவியாக்க எந்தக் கணக்கும் உரிமை தராது என்றார். ரீகனுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாமலேயே மருந்துக் கடைக்குப் போகிறவன் நான். இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களிலும் அநேகர் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் நின்றுகொண்டு நாம் எதையாவது சொல்ல முடியுமா என்பதுதான் என் பிரச்னை.

3

சிராய்ப்பில் கசக்கிப் பிழிகிற அந்தச் செடியை எங்கள் ஊரில் கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்வார்கள். ஆராய்ச்சியின் முடிவு அதன் மற்றப் பெயரிலேயே இருக்கிறது. வெட்டுக்காயப் பூண்டு. பெயர் வைத்தவர்கள் தங்கள் உடம்பில், அரிவாளோ முள்ளோ ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட காயத்தில் போட்டுப் பார்த்தவர்கள். எனக்கு முன்பே அதை எலிகளில் பார்த்து எழுதியவர்களும் இருந்தார்கள். நான் வேறொரு கரைப்பானில் சாறு எடுத்தேன் என்பதைத் தவிரப் புதிதாக ஒன்றுமில்லை. எனக்கு ஒரு பட்டம் வேண்டியிருந்தது. பட்டத்துக்கு ஒரு ஆய்வேடு; ஆய்வேட்டுக்கு ஒரு அட்டவணை; அட்டவணைக்கு இருபத்துநான்கு காயம்.

மிருகவதைத் தடுப்புக்காக ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் மாநிலங்கள் அவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் வழியாக 1960-ல் வந்த சட்டம் பரிசோதனையைத் தடை செய்யவில்லை. ஆனால் எதற்காக அனுமதிக்கிறது என்று சொல்லியிருக்கிறது: புதிய கண்டுபிடிப்பின் மூலம் அறிவை வளர்ப்பதற்கும், உயிரைக் காக்கவோ துன்பத்தைத் தணிக்கவோ பயன்படும் அறிவுக்கும். 'புதிய' என்ற அந்த ஒரு சொல்லை ஒரு சட்ட வாசகமாக மட்டும் நான் இப்போது பார்ப்பதில்லை. விடை தெரிந்த கேள்வி கேள்வியல்ல. கேள்வி பொய்யாகிவிட்டால் மிஞ்சுவது காயம் மட்டுமே. எலியின் முதுகில் ஒரு ரூபாய்க் காசளவு தோலை விளையாட்டுக்காக வெட்டுகிற பையனுக்கும் எனக்கும் அப்போது என்ன வித்தியாசம்? என்னிடம் கிராஃப் தாள் இருந்தது.

மெய்யான கேள்வி எப்படி இருக்கும் என்பதற்குக் கிருமிநாசினிகளின் சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1865 ஆகஸ்டில் க்ளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து வெளியே வந்த பதினோரு வயதுப் பையனின் புண்ணில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்தார். அன்றைய வழக்கப்படி வெட்டி எடுக்க நேர்ந்திருக்கக்கூடிய கால் தப்பியது. அந்தக் காயத்தை லிஸ்டர் உண்டாக்கவில்லை; வண்டி உண்டாக்கியது. ஆனால் வேறு காயங்களை அவர் உண்டாக்கியிருக்கிறார். குடல்நார்க் கட்டு உடம்புக்குள் என்னவாகிறது என்று கன்றுக்குட்டியில் பார்த்தார். மிருகங்களை அறுத்துச் செய்யும் சோதனையைக் கண்டித்து ஒரு வார்த்தை சொல்லும்படி விக்டோரியா மகாராணி 1875-ல் கேட்டனுப்பியபோது மறுத்துவிட்டார்.

லிஸ்டருக்கு ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, முதல் உலக யுத்தத்தில், பூலோனில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் வேறொன்றைக் கேட்டார். இவ்வளவு கிருமிநாசினி ஊற்றியும் சிப்பாய்களின் புண் ஏன் அழுகுகிறது? அவர் இதற்கு மிருகத்தைத் தேடிப் போகவில்லை. ஒரு சோதனைக் குழாயைச் சூடாக்கி, அடியில் முட்கள்போல் உள்ளீடற்ற கூர்களை இழுத்துவிட்டார். குண்டுச் சிதறல் கிழித்த சதையின் இண்டு இடுக்குகளுக்கு அது மாதிரி. கிருமி சேர்ந்த திரவத்தை அதில் நிரப்பி, வடித்து, கிருமிநாசினி ஊற்றி, அதையும் வடித்துவிட்டுப் புதுத் திரவம் விட்டார். கூர்களுக்குள் தங்கியிருந்த கிருமிகள் மறுபடியும் பெருகின. கிருமிநாசினி அங்கே எட்டவேயில்லை. எட்டிய இடத்தில் கிருமியைவிட ரத்தத்தின் வெள்ளணுக்களை அதிகமாகக் கொன்றது. 1919-ல் இதை வெளியிட்டார். எந்த உயிரையும் கீறாமல், கண்ணாடியில் செய்த காயம் அது. விடையை உண்மையிலேயே விரும்புகிறவனுக்கு எங்கே தேடுவது என்பதிலும் கற்பனை பிறக்கிறது என்று எனக்குப் படுகிறது. கற்பனை இல்லாதபோதுதான் கை எலிக்கூண்டுக்குப் போகிறது.

கூண்டுக்குப் போனாலும் அங்கே எலி சொல்வதெல்லாம் மனிதனைப் பற்றிய சேதி அல்ல. எலியின் தோல் தளர்ந்தது. அடியில் ஒரு மெல்லிய தசைப்படலம் உண்டு. அது விளிம்புகளை இழுத்துக் காயத்தை மூடிவிடுகிறது. நம் காயத்தில் பெரும்பகுதி புதுத்திசு நிரம்பி மேல்தோல் படர்ந்துதான் மூடுகிறது. 2004-ல் சுண்டெலியின் காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையம் தைத்து இந்த இழுப்பைத் தடுக்கும் முறையை விவரித்தார்கள். நான் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது வாஸ்தவத்தில் எண்ணியது பெரும்பாலும் ஒரு தசையின் இழுப்பைத்தான். அதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை.

4

என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. 2011-ல் வலது காலின் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்தது. பக்கத்துத் தெருவில் தினமும் கட்டுப் போட்டார்கள். முதலில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு, பிறகு போவிடோன் அயோடின், அதன்மேல் உலர்ந்த பஞ்சு. பெராக்ஸைடு நுரைத்துப் பொங்கும்போது அப்பாவுக்கு ஒரு திருப்தி. "பாத்தியாப்பா, எப்படிச் சாவுது பாரு கிருமியெல்லாம்" என்பார். அந்த நுரை கிருமி சாகிற நுரையல்ல. நம் சொந்தச் செல்களிலும் ரத்தத்திலும் இருக்கும் ஒரு என்ஸைம் பெராக்ஸைடைச் சிதைப்பதால் வருவது. எனக்கு அது தெரியும். கட்டுப் போடுகிறவரிடம் சொல்லத் தயங்கினேன். நாலு மாதம் புண் அப்படியே இருந்தது.

ஐந்தாம் மாதம் வேறொரு டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தினார். உப்புநீரால் மட்டும் கழுவச் சொன்னார். புண் காய்ந்துவிடாமல் ஈரம் காக்கும் கட்டு ஒன்றைப் போட்டார். விரலில் பாரம் விழாதபடி செருப்பை மாற்றினார். மூன்று மாதத்தில் மூடியது. செருப்புக்குத்தான் இதில் பாதிப் பங்கு என்று அந்த டாக்டரே சொன்னார். அதை நான் மறைக்கக் கூடாது. அப்பா கேட்டார்: "ஏம்பா, இத முன்னாடியே யாரும் கண்டுபிடிக்கலையா?"

கண்டுபிடித்திருந்தார்கள். காய்ந்து பொருக்குத் தட்டுவதைவிட மூடி ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்கிறது என்று ஜார்ஜ் விண்டர் பன்றிக்குட்டிகளில் பார்த்து எழுதியது 1962-ல். பெராக்ஸைடு நூற்றுக்கு மூன்று, போவிடோன் அயோடின் நூற்றுக்கு ஒன்று, இந்த அளவுகளில் மனிதத் தோலின் நார்ச்செல்களையே கொல்கின்றன, அயோடினை ஆயிரம் பங்கு நீர்த்தபின் செல் பிழைக்கிறது, கிருமி சாகிறது என்று ஓர் ஆய்வு வந்தது 1985-ல். போவிடோன் அயோடினைப் பற்றிய வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. எல்லா ஆய்வும் ஒரே பக்கம் நிற்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தினமும் ஊற்றுவதற்கு எதிரான எச்சரிக்கை ஃப்ளெமிங்கின் கண்ணாடிக் குழாயிலேயே இருந்தது.

அப்பாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது முக்கியமில்லை. அன்று எனக்குத் தெரிந்தது இது. விண்டரின் பன்றிகள் காயப்பட்டது மெய்யான ஒரு கேள்விக்காக. விடையும் கிடைத்தது. ஐம்பது வருஷம் கழித்து அந்த விடையை என் அப்பாவின் காலுக்கு எட்டாமல் வைத்திருந்தது அறியாமையல்ல, பழக்கம். அதில் என்னுடைய மௌனமும் சேர்த்தி. பயன்படுத்தாமல் விட்ட விடை அந்தப் பன்றிகளை இரண்டாம் முறை காயப்படுத்துகிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். அவை செத்து வெகுகாலம் ஆயிற்று, அவற்றுக்கு வலிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் காயத்துக்கு ஏதாவது நியாயம் இருந்திருக்குமானால் அது பின்னால் வரப்போகும் ஏதோ ஒன்றில்தான் இருந்தது. அது வரவில்லையென்றால் வெட்டிய நாளின் நியாயமும் போய்விடுகிறது.

ஆகவே இதைக் கடன் என்றே நான் சொல்வேன். எலி சம்மதித்துக் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டோம். கொடுத்தவருக்குத் திருப்பித் தர வழியில்லாத கடன். தரக்கூடியது ஒன்றே ஒன்று: மெய்யாகக் கேட்பதும், சொன்ன பதிலைக் காதில் வாங்குவதும். இதைச் செய்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல வரவில்லை. ரீகன் அப்படியே நிற்கிறார். இதைக்கூடச் செய்யாதவனுக்கு ரீகனோடு வாதாட வாயில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

5

மூன்றாம் பிரிவின் ஐந்தாம் எலிக்குத் திரும்புகிறேன்.

அதன் தலையில் மஞ்சள் அடையாளம் இருந்தது. எட்டாம் நாள் அளந்தபோது காயத்தின் ஓரம் ஈரமாக, சிவந்து இருந்தது. மறுநாள் காலையில் உமிக்குள் மூக்கைப் புதைத்துக் கிடந்தது. ஆறு என்பது ஐந்தாகிவிட்டால் பிரிவு முழுவதையும் மறுபடி செய்யச் சொல்வார்கள் என்று பயந்தேன். இன்னும் ஆறு எலி, இன்னும் ஒரு மாதம். மற்ற ஐந்தின் சராசரியை எடுத்து, சந்தேகம் வராமலிருக்கக் கொஞ்சம் கூட்டி எழுதினேன். இறந்த எலியின் காயம் என் நோட்டில் ஒழுங்காக ஆறிக்கொண்டு வந்தது. வழிகாட்டி கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. குற்றம் என்னுடையது.

அது ஏன் செத்தது? தொற்றாக இருக்கலாம். ஈதராக இருக்கலாம். என் களிம்பாகவும் இருக்கலாம். புண்ணின்மேல் நாம் போடுவதே புண்ணுக்குப் பகையாக முடியலாம் என்பதுதானே ஃப்ளெமிங்கிலிருந்து 1985 வரை கற்றது. அந்த ஆராய்ச்சி முழுவதிலும் நான் எதிர்பாராத ஒரே பதில் அந்த எலி சொன்னது. மற்ற இருபத்துமூன்றும் நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைத்தான் திருப்பிச் சொல்லின. அந்த ஒரு பதிலை நான் அழித்து அந்த இடத்தில் என் கையெழுத்தை வைத்தேன். பொய் யாருக்கு எதிரானது என்ற கேள்விக்கு எனக்கு இப்போது விடை தெரியும்.

போன வருஷம் அந்த நூலகத்துக்குப் போனேன். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பொய்யெண்களை நீக்கிவிட்டு, மிஞ்சிய ஐந்தை வைத்துச் சராசரியை மறுபடி போட்டுப் பார்த்தேன். முடிவு மாறவில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓரிலக்கம் நகர்ந்தது, அவ்வளவே.

இது எனக்கு நிம்மதி தந்திருக்க வேண்டும். தரவில்லை. ஐந்தாம் எலி இருந்தாலும் செத்தாலும் முடிவு ஒன்றுதான் என்றால், அது அங்கே எதற்காக இருந்தது? அதே கேள்வியை நான்காவதைப் பற்றியும் கேட்கலாம். மூன்றாவதைப் பற்றியும். அட்டவணையில் மேலே போகப் போக எந்த எலியிடம் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. பென்சிலால் அந்த வரிசையின் ஓரத்தில் '9-ஆம் நாள் இறந்தது' என்று எழுதிவிட்டு, ஏட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.